தரவுத்தளம் தடுமாறினால்: கோப்பு முறைமையை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு முகூர்த்த நாள். "தம்பி, சிட்டை வரமாட்டேன் என்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று கமிஷன் கடை அண்ணாச்சி போன் செய்தபோது அதிகாலை மணி நாலேகால். மல்லிகை யாருக்காகவும் காத்திருக்காது. எடை போட்ட பூவுக்குச் சிட்டை கைக்கு வராமல், உசிலம்பட்டியிலிருந்து வந்த விவசாயி தராசை விட்டு நகரமாட்டார். அவர் நகராவிட்டால் பின்னால் நிற்கும் பத்துப் பேரும் நகர முடியாது. நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணாச்சியின் அக்கா மகன், கல்லூரியில் கணினி படிப்பவன், நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிட்டான்: "ஈஎக்ஸ்டி4 பழசு அண்ணே. எக்ஸ்எஃப்எஸ் போட்டுவிட்டால் பறக்கும்."

இரண்டும் கோப்பு முறைமைகள், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை எங்கே, எப்படி வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள். வயதைப் பார்த்தால் எக்ஸ்எஃப்எஸ்தான் மூத்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1994இல் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்தோடு அதை வெளியிட்டது. லினக்ஸுக்கு அது வந்தது 2001இல். ஈஎக்ஸ்டி4 பக்குவமாகிவிட்டது என்று லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏற்றுக்கொண்டதோ 2008இன் கடைசியில். இதை அந்த நேரத்தில் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் மாசி வீதிகளில் மொத்தக் கடைகளுக்குச் சர்வர் பார்க்கும் எனக்கு இந்த வாக்கியம் பழகிப்போனது. தரவுத்தளம் மந்தமானால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது கோப்பு முறைமையைத்தான். அதை மாற்றுவது ஓர் இரவு வேலை: எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, ஃபார்மட் செய்து, திரும்ப ஏற்றி, விடிவதற்குள் முடிக்க வேண்டும். சில இடங்களில் அது சரியான வேலைதான். பல இடங்களில் பல்வலிக்குக் கண்ணாடி மாற்றுவது.

கீழே உள்ளவை லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு. உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

சிட்டையும் பேரேடும்

பழைய கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? வியாபாரம் நடக்கும்போது சிட்டையில் குறித்துக்கொள்வார். கூட்டம் குறைந்த பிறகு உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார். தரவுத்தளமும் அதேதான். போஸ்ட்கிரெஸ்ஸில் சிட்டைக்கு 'வால்' என்று பெயர் (வால் என்றாலும் எழுதப்படுவது முதலில்). மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் அது 'ரீடூ லாக்'. பேரேட்டில் ஏற்றும் சடங்கு 'செக்பாயின்ட்'.

'கமிட்' ஆகிவிட்டது (மாற்றம் உறுதியாகப் பதிந்துவிட்டது) என்று தரவுத்தளம் சொல்ல வேண்டுமானால், சிட்டை டிஸ்க்கில் நிலையாக இறங்கியிருக்க வேண்டும். ஒரு கோப்பில் எழுதினாலே அது டிஸ்க்குக்குப் போய்விடாது. நினைவகத்தில் கெர்னலின் கேஷில் (தற்காலிகக் கிடங்கில்) நிற்கும். "இதை இறக்கு, இறக்கி முடித்த பிறகு பதில் சொல்" என்று கெர்னலைப் பிடித்து உலுக்கும் கட்டளைக்கு எஃப்சிங்க் என்று பெயர். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை கோப்பு முறைமைகளின் ஒப்பீடு என்பது பெரும்பாலும் எஃப்சிங்க்கின் ஒப்பீடுதான். அந்தக் கட்டளைக்கு உண்மையான பதில் வருகிறதா, பொய்யான பதில் வருகிறதா என்பது தெரியாமல் எந்த வேகத்தையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

அறிகுறி: ஒவ்வொரு பில்லும் கொஞ்சம் தாமதம், நாள் முழுக்க

தேடினால் பதில் உடனே வருகிறது. சேமித்தால் மட்டும் இழுக்கிறது. இதுதான் பூக்கடையின் அறிகுறி.

போஸ்ட்கிரெஸ்ஸோடு 'பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்' என்று ஒரு சிறு கருவி வருகிறது. ஒரு நொடிக்கு எத்தனை முறை எழுதி இறக்க முடிகிறது என்று அது அளந்து சொல்லும். கடையில் வேலை ஓடும்போது இதை ஓட்டாதீர்கள், கூட்டம் கலையட்டும். சோதனைக் கோப்பு எங்கே உருவாகிறது என்பதையும் கவனியுங்கள். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் நீங்கள் நிற்கும் அடைவில்தான் உருவாகும். அந்த அடைவு நினைவகத்திலேயே இருக்கும் தற்காலிகப் பகுதியாக இருந்தால், பிரமாதமான எண் வரும், பைசாவுக்குப் பயன்படாது. சிட்டைக் கோப்புகள் இருக்கும் அதே பகுதியில் ஓட்டுங்கள்.

வரும் எண்ணைப் படிக்க ஒரு சிறு கணக்கு போதும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க், நொடிக்கு 120 சுற்று. ஒரே கோப்பின் அதே இடத்தில் எழுதி இறக்கி, மறுபடி எழுத வேண்டுமானால் அந்த இடம் தலைக்குக் கீழே மறுபடி வர வேண்டும்; ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. ஆகவே அப்படிப்பட்ட டிஸ்க் நேர்மையாக நடந்துகொண்டால் 120ஐ ஒட்டி, அல்லது அதற்குக் கீழே வரும். ஆயிரக்கணக்கில் வந்தால் நடுவில் ஏதோ ஒரு கேஷ் "இறக்கிவிட்டேன்" என்று பொய் சொல்கிறது, அல்லது மின்கலத்தோடு கூடிய கேஷ் ஒன்று உண்மையாகவே பொறுப்பேற்றுக்கொள்கிறது. எது என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

எஸ்எஸ்டியில் சுழற்சி இல்லை, ஆனால் தகுதி வேறுபாடு உண்டு. சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டியில் மின்தேக்கிகள் இருக்கும்; கரண்ட் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு உயிர் இருப்பதால், கேஷில் வாங்கியவுடனே அது தைரியமாகப் பதில் சொல்லலாம். வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு எஃப்சிங்க்குக்கும் உள்ளே போய் எழுதிவிட்டு வர வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்ட வேகம் பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகம். அதற்கும் சிட்டைக்கும் சம்பந்தமில்லை. டவுன் ஹால் ரோட்டில் விலை குறைவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து சர்வரில் மாட்டிய எஸ்எஸ்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த அறிகுறிக்குக் கோப்பு முறைமையை மாற்றிப் பெரிய பலன் இருக்காது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தன் வால் கோப்புகளைத் தலா 16 எம்பி அளவில் முன்கூட்டியே உருவாக்கி, பழையதற்குப் புதுப்பெயர் கொடுத்து மறுபடி பயன்படுத்துகிறது. ஏற்கெனவே இடம் ஒதுக்கிய கோப்பின்மேல் எழுதும்போது ஈஎக்ஸ்டி4க்கும் சரி, எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கும் சரி, புதிதாக இடம் தேடும் வேலை இல்லை. எழுது, டிஸ்க்கை இறக்கச் சொல், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் டிஸ்க்கின் நேரம்.

பூக்கடையில் சோதனை காட்டிய எண் 120க்கும் கீழே. அந்த சர்வரில் மின்கலத்தோடு கூடிய ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் அட்டை) இருந்தது. அது இருக்கும்போது இவ்வளவு குறைவாக வரக் கூடாது. சர்வரின் முகத்தைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து, குங்குமத்தோடு அப்படியே ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கீழே மஞ்சள் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. ரெய்டு கார்டின் மின்கலம் செத்து எத்தனை நாளாயிற்றோ! மின்கலம் போனால் அந்தக் கார்டு கேஷை நம்புவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் நேராக டிஸ்க்குக்கே அனுப்பும். சாதாரண நாளில் தெரியவில்லை. முகூர்த்த நாள் கூட்டத்தில் தெரிந்துவிட்டது.

மின்கலம் உயிரோடு இருந்தாலும், சில கார்டுகள் குறிப்பிட்ட இடைவெளியில் அதை முழுக்க வடித்து மறுபடி ஏற்றிப் பார்க்கும். அந்தச் சில மணிநேரம் இதே மந்தம் வரும், தானே போய்விடும். "மூன்று மாதத்துக்கு ஒரு நாள் பேய் பிடிக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

புது மின்கலம் வரும்வரை என்ன செய்வது? மின்கலம் இல்லாவிட்டாலும் கேஷை நம்பு என்று கார்டை வற்புறுத்த ஓர் அமைப்பு இருக்கும். தொடாதீர்கள். அதற்குப் பதில் போஸ்ட்கிரெஸ்ஸில் 'சிங்க்ரனஸ் கமிட்' என்பதை நிறுத்தி வைக்கலாம். கரண்ட் போனால் கடைசி அரை நொடிச் சொச்சத்துக் கமிட்டுகள் காணாமல் போகலாம்; இயல்பான அமைப்பில் அதிகபட்சம் 600 மில்லிநொடி. ஆனால் தரவுத்தளம் சிதையாது. ஒன்றிரண்டு சிட்டை போகலாம், பேரேடு கிழியாது. இதை உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அண்ணாச்சி ஒரே வார்த்தையில் சம்மதித்தார். கார்பன் நகல் கையில் இருக்கிறதே.

அறிகுறி: சோதனையில் பத்து மடங்கு வேகம், கடையில் ஒன்றும் இல்லை

அக்கா மகன் விடவில்லை. தன் மடிக்கணினியில் எக்ஸ்எஃப்எஸ்ஸோடு ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து, போஸ்ட்கிரெஸ்ஸின் வேகச் சோதனைக் கருவியான பிஜிபெஞ்ச்சை ஓட்டி, எண்களைக் கொண்டுவந்தான். கடை சர்வரைப் போலப் பத்து மடங்கு. அவன் முகத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்த களை.

உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். முதல் விஷயம், மெய்நிகர் டிஸ்க்கின் கேஷ் அமைப்பு. சில அமைப்புகளில் உள்ளே இருக்கும் இயங்குதளம் எஃப்சிங்க் கேட்டால், வெளியே இருப்பது காதில் வாங்காமலே "ஆயிற்று" என்கிறது. அவனுடையது அதுதான். இரண்டாவது, தரவின் அளவு. பிஜிபெஞ்ச்சில் அளவை 100 என்று வைத்தால் ஒரு கோடி வரிசைகள், ஏறக்குறைய 1.5 ஜிபி. 16 ஜிபி நினைவகத்தில் அது முழுசாக உட்கார்ந்துகொள்ளும். படிப்பதற்கு டிஸ்க்கையே தொட வேண்டியதில்லை. மூன்றாவது, நேரம். அவன் ஓட்டியது ஒரு நிமிடம். செக்பாயின்ட்டுக்கு இயல்பான இடைவெளி ஐந்து நிமிடம். பேரேட்டில் ஏற்றும் வேலை தொடங்குவதற்கு முன்பே சோதனை முடிந்துவிட்டது.

நேர்மையான ஒப்பீடு சலிப்பூட்டும் வேலை. ஒரே இயந்திரம், ஒரே டிஸ்க், டிஸ்க்கின் ஒரே பகுதி. அதையே மாற்றி மாற்றி ஃபார்மட் செய்ய வேண்டும். சுழலும் டிஸ்க்கில் வெளி வட்டம் உள் வட்டத்தைவிட வேகம் என்பதால் இரண்டு பகுதிகளை அருகருகே ஒப்பிடுவது தவறு. தரவு நினைவகத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும். ஒரு மணிநேரமாவது ஓடட்டும். மலிவான எஸ்எஸ்டிகள் தம் வேகமான முன்பகுதி நிரம்பும்வரை குதிரையாக ஓடி, பிறகு கழுதையாகிவிடும், அந்தக் கழுதையைத்தான் நீங்கள் அளக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள். அந்த மூன்றுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம் இரண்டு கோப்பு முறைமைகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு பில்லில் 99 பில் கண் இமைக்கும் நேரத்தில் போய், ஒன்று நான்கு நொடி நின்றால், கல்லாவில் இருப்பவருக்கு அந்த ஒன்றுதான் நினைவிருக்கும். பிஜிபெஞ்ச்சை ஒவ்வொரு பரிவர்த்தனையின் நேரத்தையும் பதிவு செய்யச் சொல்லலாம். அதில் கடைசி ஒரு சதவீதத்தைப் பாருங்கள். கோப்பு முறைமைகளின் குணம் அங்கேதான் வெளியே தெரியும்.

மவுண்ட் அமைப்புகளிலும் (டிஸ்க் பகுதியை இயங்குதளத்தோடு இணைக்கும்போது கொடுக்கும் விருப்பங்கள்) ஒரு கண் இருக்கட்டும். 'நோபேரியர்' என்று ஒன்று எங்காவது தென்பட்டால், அந்தச் சோதனையின் எண்ணைக் கிழித்துப் போடுங்கள். டிஸ்க்கின் கேஷை இறக்கச் சொல்லும் கட்டளையையே அது தடுத்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் இந்த அமைப்பை 4.19 கெர்னலில் தூக்கியே எறிந்துவிட்டது. ஈஎக்ஸ்டி4இல் இன்னும் கிடைக்கிறது. அதனால்தான் சில ஒப்பீடுகளில் ஈஎக்ஸ்டி4 மாயமாக முந்துகிறது. 'நோஏடைம்' (கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காதே என்பது) வேறு விஷயம். அது பாதுகாப்பானது, ஆனால் 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து, அந்தக் குறிப்பை அரிதாக்கும் 'ரிலேடைம்' இயல்பாகவே இருப்பதால், அதைப் போட்டுப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

அறிகுறி: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாம் உறைந்துபோகிறது

கடிகாரம் வைத்துப் பாருங்கள். இடைவெளி சீராக இருந்தால் செக்பாயின்ட். போஸ்ட்கிரெஸ் தன் பதிவில் ஒவ்வொரு செக்பாயின்ட்டையும் எழுதும் (15ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே எழுதுகிறது). உறைந்த நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்பே அடிக்கடி வந்தால், வால் அளவு வரம்பு தொட்டுவிடுகிறது என்று பொருள். அந்த வரம்பு இயல்பில் 1 ஜிபி. பரபரப்பான கடைக்கு அது போதாது; நான்கோ எட்டோ வைத்து, இடைவெளியையும் 15 நிமிடமாக்கினால் இரட்டைப் பலன் உண்டு. ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது, அந்த 8 கேபி பக்கத்தை முழுசாகச் சிட்டையில் எழுத வேண்டும். செக்பாயின்ட் குறைந்தால் அந்தச் சுமையும் குறையும். விலை என்னவென்றால், கரண்ட் போய் வந்தபிறகு தரவுத்தளம் எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

14ஆம் பதிப்புக்கு முந்தையதென்றால் இன்னொன்று. பேரேட்டில் ஏற்றும் வேலையை இடைவெளியின் பாதிக்குள் முடிக்கச் சொல்லும் அமைப்பு அப்போது இயல்பு. அதை 0.9 ஆக்குங்கள், வேலை பரவலாகிவிடும்.

இவ்வளவு செய்தும் உறைந்தால் கெர்னலைப் பாருங்கள். எழுதப்படாமல் தேங்கிய பக்கங்கள் பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 10 சதவீதம் ஆனால்தான் கெர்னல் பின்னணியில் இறக்கத் தொடங்கும்; 20 சதவீதம் ஆனால் எழுதுபவர்களையே நிறுத்தி வைக்கும். 64 ஜிபி சர்வரில் 10 சதவீதம் என்பது ஆறு ஜிபியை ஒட்டி வரலாம். வைகையில் தண்ணீரைத் தேக்கி ஒரே நேரத்தில் திறந்துவிடுவது போல அது டிஸ்க்கின்மேல் இறங்கும். சதவீதத்துக்குப் பதில் பைட் கணக்கில் வரம்பு வைக்க வழி இருக்கிறது. சில நூறு எம்பியில் தொடங்கி அளந்து பாருங்கள். இது எல்லாக் கோப்பு முறைமைக்கும் பொது. மாற்றி ஃபார்மட் செய்தால் உறைவும் கூடவே வரும்.

அறிகுறி: பேக்கப் ஓடும்போது பில் இழுக்கிறது

இங்கேதான் கோப்பு முறைமை உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கலாம்.

ஈஎக்ஸ்டி4 இயல்பாக 'ஆர்டர்டு' முறையில் இயங்குகிறது. ஒரு கோப்புக்குப் புதிதாக இடம் ஒதுக்கினால், அந்த இடத்தில் தரவு இறங்கிய பிறகே ஒதுக்கிய செய்தி ஜர்னலில் (கோப்பு முறைமை தன் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) முடிவாகும். பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் ஜர்னல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஜர்னலைத் தொட வேண்டிய ஒரு எஃப்சிங்க் வந்தால், அதே ஜர்னல் தொகுப்பில் மாட்டியிருக்கும் வேறு கோப்பின் தரவும் முதலில் இறங்க வேண்டியிருக்கும். அந்த வேறு கோப்பு, அதே பகுதியில் வளர்ந்துகொண்டிருக்கும் பேக்கப்பாக இருந்தால்? கீழமாசி வீதியில் மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிய சைக்கிள்தான் உங்கள் கமிட். எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் பதிவேடு பொதுதான்; ஆனால் ஒரு கோப்பின் எஃப்சிங்க்குக்காக அடுத்த கோப்பின் தரவை இறக்கச் சொல்லும் கட்டாயம் அங்கே இல்லை.

சரிபார்க்க எளிய வழி: பேக்கப்பை வேறு டிஸ்க்குக்குத் திருப்பி ஒரு நாள் ஓட்டுங்கள். இழுப்பு போனதா? போனால் அதையே நிரந்தரமாக்குங்கள். எப்படியும் தரவு இருக்கும் டிஸ்க்கிலேயே பேக்கப் வைப்பது பேக்கப் அல்ல. டிஸ்க் ஒன்றுதான், வேறு வழியில்லை என்றால் பேக்கப்புக்குத் தனிப் பகுதி பிரித்து ஜர்னலையாவது பிரியுங்கள். அதோடு பேக்கப் தரவு முழுவதையும் படிப்பதால், டிஸ்க்கும் இழுபடும். அது தனிச் சுமை, கோப்பு முறைமையின் தலையில் கட்டாதீர்கள். 'ஐஓஸ்டாட்' கருவியில் படிக்கும் தாமதத்தையும் எழுதும் தாமதத்தையும் தனித்தனியே பார்த்தால் எது என்று பிரியும்.

அறிகுறி: முதலில் நன்றாக இருந்தது, போகப்போக மந்தம்

முதலில் அட்டவணை வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் 'வேக்கம்' என்ற துப்புரவு வேலை சரியாக ஓடாவிட்டால் செத்த வரிசைகள் குவியும். பாதி இடத்தில் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

அட்டவணை ஒழுங்காக இருந்து, கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்றால் தொடர்ந்து படியுங்கள். இவை இரண்டும் பழைய இடத்தின்மேல் எழுதுவதில்லை. புது இடத்தில் எழுதி, சுட்டியை மாற்றும். ஸ்னாப்ஷாட் (ஒரு நொடியின் நிலையை அப்படியே பிடித்துவைப்பது) எடுக்க அருமையான ஏற்பாடு. ஆனால் தரவுத்தளம் ஒரே கோப்பின் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தப் பக்கம் டிஸ்க்கில் வேறெங்கோ போய்விடும். நாளடைவில் ஒரு கோப்பு ஆயிரக்கணக்கான துண்டுகளாகிவிடும். 'ஃபைல்ஃப்ராக்' கருவி பிடிஆர்எஃப்எஸ்ஸில் துண்டுகளை எண்ணிக் காட்டும்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் தரவுத்தள அடைவுக்கு 'சி' என்ற பண்பை வைத்தால் இந்தப் பழக்கத்தை நிறுத்தலாம். புதிதாக உருவாகும் கோப்புகளுக்குத்தான் அது செல்லும். இருப்பவற்றை மறுபடி நகலெடுக்க வேண்டும். அதோடு அந்தக் கோப்புகளுக்குச் சரிபார்ப்புத் தொகையும் சுருக்கமும் போய்விடும். எதற்காகப் பிடிஆர்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே போனபிறகு, ஏன் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குப் போகக் கூடாது என்பது என் கேள்வி. தரவுத்தளத்துக்குப் பிடிஆர்எஃப்எஸ்ஸை நான் வைப்பதில்லை.

இசட்எஃப்எஸ்ஸைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். அதன் பதிவளவு இயல்பில் 128 கேபி. போஸ்ட்கிரெஸ்ஸின் பக்கம் 8 கேபி, இன்னோடிபியின் பக்கம் 16 கேபி. 8 கேபி மாற 128 கேபியைப் படித்து, திருத்தி, முழுவதையும் புதிதாக எழுதுகிறது: ஒரு இட்லிக்காகக் கொப்பரை முழுக்க மாவு ஊற்றுவது. தரவுத்தள அடைவுக்கு அதை 8, 16 அல்லது 32 கேபியாகக் குறைத்துச் சோதியுங்கள். இங்கும் பழைய கோப்புகள் தாமாக மாறா. தரவை வெளியே எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். "மாற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை" என்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியை விட்டவர்கள். போஸ்ட்கிரெஸ் 12இலிருந்து, வால் கோப்புகளைப் பூஜ்யத்தால் நிரப்புவதையும் மறுபயன்பாட்டையும் நிறுத்த இரண்டு அமைப்புகள் உண்டு. புது இடத்தில்தான் எழுதப்போகிறது என்றால் பழைய கோப்பைப் பாதுகாத்து என்ன பயன்?

மதியம் மட்டும் மந்தம் என்று ஒரு கிளை அறிகுறி உண்டு. அக்னி நட்சத்திரத்தில், ஜவுளிக் கடையின் பரணில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே வைத்த சர்வர். என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி வகை) சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் வெப்பநிலை தெரியும். கட்டுகளை நகர்த்தி ஒரு விசிறி வைத்தேன்.

அறிகுறி: இடம் இருக்கிறது, ஆனாலும் இடமில்லை என்கிறது

ஈஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கு (நிர்வாகிக்கு) ஒதுக்கிவைக்கும். 2 டிபியில் அது 100 ஜிபி. தரவுத்தளம் ரூட்டாக ஓடுவதில்லை, அதற்கு அந்த இடம் கிடைக்காது. தரவுக்கென்று தனியாக வைத்த பகுதியில் ஒரு சதவீதம் போதும், ஓடும்போதே குறைக்கலாம். இரண்டாவது, ஐநோடு (ஒவ்வொரு கோப்பின் விவரத்துக்கும் வேண்டிய ஓர் இடம்) தீர்ந்திருக்கலாம். எங்கோ லட்சக்கணக்கில் சிறு கோப்புகள் குவிந்திருக்கும், அது தரவுத்தளத்தின் வேலையாக இருக்காது. பிடிஆர்எஃப்எஸ் என்றால் தரவுக்கு இடம் இருந்தும் மேல்விவரத்துக்கு (கோப்புகளைப் பற்றிய குறிப்புகளுக்கு) இடம் தீர்ந்திருக்கலாம்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபிறகு தரவுத்தளம் எழவில்லை

கை பரபரக்கும். எதையும் ஓட்டாதீர்கள். முதலில் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிட் பிட்டாக நகலெடுங்கள், பழுதுபார்ப்பது நகலின்மேல்தான்.

எக்ஸ்எஃப்எஸ் என்றால், பழுதுபார்க்கும் கருவி "பதிவேட்டில் பாக்கி இருக்கிறது, முதலில் மவுண்ட் செய்" என்று சொல்லும். சொன்னபடி செய்யுங்கள், மவுண்ட் ஆகும்போது பாக்கி தானே தீரும். பதிவேட்டை அழித்துவிட்டுத் தொடரச் சொல்லும் ஒரு விருப்பமும் அதில் இருக்கிறது. அவசரத்தில் அதைப் போட்டால், கடைசியாக நடந்த மாற்றங்கள் பதிவேட்டோடு போய்விடும். மவுண்ட் முற்றிலும் மறுத்தால்தான் அது.

பிறகு கெர்னல் பதிவில் உள்ளீட்டுப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். எஃப்சிங்க் ஒரு முறை தோற்றால், இரண்டாம் முறை வெற்றி என்று பதில் வரலாம், தரவு டிஸ்க்கைத் தொடாமலே. கெர்னல் அந்தப் பக்கத்தை எழுதிவிட்டதாகவே குறித்துக்கொண்டிருக்கும். 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குபவர்கள் இதைக் கவனித்தபோது பெரிய விவாதம் நடந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்களிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் மறுபடி முயலாமல் தானே விழுந்து, வாலிலிருந்து எழுகிறது. அதற்கு முந்தைய பதிப்பு இன்னும் ஓடினால் இன்றே மேம்படுத்துங்கள்.

பக்கம் பாதி எழுதி, பாதி நின்றிருந்தால், போஸ்ட்கிரெஸ் 'ஃபுல் பேஜ் ரைட்ஸ்' என்ற அமைப்பாலும் இன்னோடிபி இரட்டை எழுத்தாலும் சரிசெய்துகொள்ளும். ஈஎக்ஸ்டி4இலும் எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் வேகத்துக்காக இவற்றை அணைத்தவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள். இசட்எஃப்எஸ்ஸில் பாதிப் பக்கம் நேராது என்பதால் அங்கே அணைக்க நியாயம் உண்டு.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் இப்படித்தான் ஆயிற்று. யுபிஎஸ் பேட்டரி வாரண்டி முடிந்து வெகுநாள். மாலை ஐந்து மணிக்குக் கரண்ட் போனது, சர்வரும் போனது. அமைப்புக் கோப்பைத் திறந்தேன்: தரவுப் பகுதிக்கு நேராக 'நோபேரியர்'. எனக்கு முன்னால் பார்த்தவர், ஏதோ ஒரு ஒப்பீட்டைப் படித்துவிட்டு வேகத்துக்காகப் போட்டிருக்க வேண்டும். கடையில் யாருக்கும் தெரியாது. வாலின் கடைசிப் பகுதி டிஸ்க்கில் இல்லை, ஆனால் அதற்குப் பின்னால் எழுத வேண்டிய பக்கங்கள் சில இறங்கியிருந்தன. சிட்டை இல்லாமல் பேரேட்டில் ஏறிய கணக்கு. நகலின்மேல் இரண்டு மணிநேரம் முயன்றுவிட்டு, முந்தைய இரவு பேக்கப்பை ஏற்றினேன்.

அன்றைய பகல் வியாபாரம் முழுக்கக் காகிதத்தில் இருந்தது. கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கம்பியில் குத்தியிருந்த நகல்களை ஒவ்வொன்றாக உருவி வாசிக்க, நான் ஏற்றிக்கொண்டே வந்தேன். நடுவில் பரோட்டா வந்தது, ஆறியது. பத்தரை மணிக்குக் கடைசி நகல்: சீரகம் 25 கிலோ, மேலூர். ஏற்றிவிட்டு எஃப்சிங்க் சோதனையை ஒரு முறை ஓட்டினேன். எண் முன்பைவிடப் பத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு சொல்லை அதற்கு முன்பே அமைப்பிலிருந்து நீக்கியிருந்தேன்.